நட்ட கன்றும் நடாத புல்லும்

ஐப்பசி மழை மண்ணை நனைத்ததும் விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரங்களில் மரக்கன்று நடும் விழாக்கள் தொடங்கிவிடுகின்றன. கோயில் வளாகத்திலும், பள்ளி மைதானத்தின் ஓரத்திலும், கல்லறைத் தோட்டத்துச் சுவரை ஒட்டியும் குழிகள் தோண்டப்படுகின்றன. வேம்பு, புங்கை, பூவரசு, நாவல், வாகை என்று கன்றுகள் வண்டியில் வந்து இறங்குகின்றன. பங்குத்தந்தை மந்திரிக்கிறார், சிறுவர் சிறுமியர் தண்ணீர் ஊற்றுகின்றனர், நிழற்படமும் எடுக்கப்படுகிறது. அடுத்த ஆண்டு ஐப்பசியில் பெரும்பாலும் அதே குழிகளையே மீண்டும் தோண்டுகிறோம்.

கன்று ஏன் பட்டுப்போயிற்று என்று கேட்டால் மூன்று மறுமொழிகள் ஆயத்தமாக இருக்கின்றன. தண்ணீர் ஊற்ற ஆளில்லை, சித்திரை வெயில் தாங்கவில்லை, ஆடு கடித்துவிட்டது. மூன்றும் உண்மையே. எனினும் அவற்றுக்கெல்லாம் முன்னரே, ஒருவர் கண்ணிலும் படாமல் கன்றின் உயிரைக் குடித்துவிட்ட ஒன்றை யாரும் குறிப்பிடுவதில்லை. அது கன்றோடு கூடவே முளைத்து, கன்றைவிட விரைவாக வளர்ந்து, மார்கழியில் முழங்காலளவு நின்ற பசும்புல்லே ஆகும். அது பசுமையாக இருந்தபோது நாம் மகிழ்ந்தோம். மழை நன்றாகப் பெய்த அடையாளம் என்று எண்ணினோம்.

நம் மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்யும் மழை ஏறக்குறைய 800 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழப் பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் வடகிழக்குப் பருவமழையாக வந்துவிடுகிறது. அப்போது மண்ணுக்குள் இறங்கிய ஈரத்தை வைத்துக்கொண்டுதான் புதிய கன்று மாசி முதல் ஆவணி வரை காலம் தள்ளியாக வேண்டும். கன்றின் வேரோ, பையிலிருந்து இறக்கிய மண்கட்டியின் அளவே உடையது. ஒரு சாணோ ஒன்றரைச் சாணோ இருக்கும். புல்லின் வேர்களும் மிகுதியாக இருப்பது அந்த மேல்மண்ணில்தான். ஆயினும் இரண்டும் சமமான போட்டியாளர்கள் அல்ல. புல்லின் வேர் நூல் நூலாக அந்த மண் முழுவதும் பின்னிக் கிடக்கிறது. கன்றுக்கு அங்கே இன்னும் நாலைந்து வேர்நுனிகளே உள்ளன. கன்று தன் வேரை ஆழத்துக்குச் செலுத்துமுன்னரே புல் அந்த ஈரத்தை எடுத்து இலை வழியாகக் காற்றில் விட்டுவிடுகிறது.

இதைக் குடக்கணக்கில் சொன்னால் எளிதில் விளங்கும். கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் குறுக்களவுள்ள வட்டம் ஒன்றை எண்ணிக்கொள்வோம். அந்த வட்டத்தில் செழித்து நிற்கும் பசும்புல், மண்ணில் ஈரம் தாராளமாக உள்ள வெயில் நாளில், நாளொன்றுக்குச் சுமார் 3 லிட்டர் நீரைச் செலவிடும். ஒரு வாரத்தில் அது 20 லிட்டருக்கு மேல், அதாவது ஏறக்குறைய ஒன்றரைக் குடம். தை மாதம் முழுவதும் அந்தப் புல் நின்றால் ஐந்தாறு குடம் போய்விடுகிறது. பின்னர்ச் சித்திரையில் நாம் வாரம் ஒரு குடம் சுமந்து ஊற்றுகிறோம். அதிலும் பாதியைப் பாத்திக்குள் எஞ்சியிருக்கும் புல்லே குடிக்கிறது. தண்ணீர் லாரிக்குக் காத்திருந்து, விலை கொடுத்துக் குடத்தில் பிடிக்கும் ஊர்களில் இந்தக் கணக்கு மிகவும் கசப்பானது.

புல்லுக்கும் இளமரத்துக்கும் உள்ள இப்பகையை முறையாக ஆராய்ந்தவர்கள் இங்கிலாந்தில் உண்டு. வோபர்ன் என்னும் ஊரில் பெட்போர்டு பிரபுவும், ஸ்பென்சர் பிக்கரிங் என்ற வேதியியல் அறிஞரும் 1894-இல் ஒரு பழமர ஆராய்ச்சிப் பண்ணையைத் தொடங்கினர். அங்கே இளம் ஆப்பிள் மரங்களில் ஒரு பகுதியைப் புல்தரையிலும் மற்றொரு பகுதியைப் புல் நீக்கிய மண்ணிலும் வளர்த்துப் பார்த்தனர். புல்தரையில் நின்றவை வளர்ச்சி குன்றி, இலை வெளிறி, ஆண்டுக்கணக்கில் எழும்பாமல் நின்றுவிட்டன. பிக்கரிங் இதோடு விடவில்லை. புல் வளர்ந்த தட்டுகளை மரத்தொட்டியின் மேல் வைத்து, அவற்றிலிருந்து வடிந்த நீர் மட்டும் மரத்துக்குச் செல்லும்படி செய்தார். அப்போதும் மரம் வாடவே, புல் ஏதோ நஞ்சைக் கசியவிடுகிறது என்ற முடிவுக்கு வந்தார். 1919-இல் இருவர் பெயரிலும் வெளியான நூலில் இச்சோதனைகள் இடம்பெற்றுள்ளன. நீரையும் தழைச்சத்தையும் புல் முந்திக்கொள்வதே பெரும்பாலும் காரணம் என்று பின்வந்தவர்கள் கருதினர். நஞ்சோ, திருட்டோ, கண்ட விளைவு ஒன்றேதான்.

அதே நாட்டு வனத்துறைக்காக டேவிஸ் என்பவர் எழுதி 1987-இல் வெளிவந்த கையேடு ஒன்று, நம்மவர் பலர் செய்யும் ஒரு வேலையைப் பயனற்றது என்கிறது. புல்லை அரிவாளாலோ இயந்திரத்தாலோ மட்டமாக வெட்டிவிடுவதுதான் அவ்வேலை. வெட்டிய தரை பார்வைக்குச் சுத்தமாக இருக்கும். ஆனால் வேர் அப்படியே இருக்கிறது. வெட்டுப்பட்ட புல் அடியிலிருந்து புதிதாகக் கிளைத்து, முன்னிலும் அடர்த்தியாகத் தழைத்து, நீரை உறிஞ்சுவதைத் தொடர்கிறது. கன்றுக்கு உதவ விரும்பினால் புல்லின் தலையை விட்டுவிட்டு வேரைக் கவனிக்க வேண்டும். கன்றைச் சுற்றி ஒரு மீட்டர் குறுக்களவுக்குப் புல்லே இல்லாத வட்டம் வேண்டும் என்பது அக்கையேட்டின் அளவு. நம்மவர்களுக்குச் சொல்வதானால், கன்றிலிருந்து எப்பக்கமும் ஒரு முழத்துக்குச் சற்று மேல்.

வெள்ளைக்காரர் சொல்லித்தான் இதை அறிய வேண்டும் என்பதில்லை. திருவள்ளுவர் உழவைப் பற்றிக் கூறும் அதிகாரத்தில் உழுதல், எருவிடுதல், களையெடுத்தல், நீர்பாய்ச்சுதல், காத்தல் என்ற வரிசை தெரிகிறது. அதில் களையெடுத்தல் நீருக்கு முன் நிற்கிறது. பருத்திக்கும் கம்புக்கும் சோளத்துக்கும் இந்த வரிசையைத் தவறாமல் கைக்கொள்ளும் நம் கரிசல்காட்டு மக்கள், மரக்கன்றுக்கு மட்டும் அது தேவையில்லை என்று ஏன் எண்ணுகிறார்கள் என்பது நமக்கு விளங்காத புதிர். மரம் என்றால் தானாக வளரும் என்ற எண்ணம் போலும். காட்டில் தானாக வளர்வது உண்மைதான். அங்கே ஆயிரம் விதை விழுந்து ஒன்று பிழைத்தாலும் காட்டுக்குப் போதும். நமக்கோ நட்ட ஒவ்வொன்றும் பிழைக்க வேண்டும்.

மண்ணைப் பற்றி இங்கே சற்று விரிவாகக் கூற வேண்டியுள்ளது. மாவட்டத்தின் மேற்கே, மலையடிவாரத்தை ஒட்டிய இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கங்களில் செம்மண் உண்டு. சிவகாசியைச் சுற்றிப் பல இடங்களில் சரளை. சாத்தூர், விருதுநகர், அருப்புக்கோட்டைப் பக்கம் பரந்து கிடப்பது கரிசல். கரிசல் நீரை நிறையப் பிடித்துவைக்கும். ஆனால் அதில் ஒரு பங்கை இறுகப் பிடித்துக்கொண்டு எந்த வேருக்கும் தராது. எனவே மண் கறுப்பாக, ஈரமாகத் தோன்றும்போதே கன்று வாடத் தொடங்குவதுண்டு. கோடையில் அது பாளம் பாளமாக வெடிக்கிறது. வெடிப்பு விழும்போது கன்றின் மெல்லிய வேர்கள் அறுபடுகின்றன. வெடிப்பின் வழியே சூடான காற்று உள்ளே புகுந்து அடியீரத்தையும் வற்றச் செய்கிறது. புல் எவ்வளவு விரைவாக ஈரத்தை உறிஞ்சுகிறதோ அவ்வளவு விரைவாக வெடிப்பும் விழும்.

ஆகவே கரிசலில் களைக்கொத்துக்கு இரண்டு வேலை. ஒன்று புல்லை நீக்குவது. மற்றொன்று மேல்மண்ணை இரண்டு விரற்கடை ஆழத்துக்குக் கொத்திப் பொலபொலவென்று புழுதியாக்கி, வெடிப்பு வாய்திறக்குமுன் அதை நிரப்புவது. இந்தப் புழுதிப் போர்வை தை, மாசியில் போடப்பட்டால் அடியீரம் பல வாரம் கூடுதலாக நிற்கும். ஆழமாகக் கொத்தலாகாது, கன்றின் பக்கவேர்கள் மேலாகவே இருக்கின்றன. தண்டிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் கொத்தை வீசாமல், அங்கே முளைத்தவற்றைக் கையாலேயே பிடுங்குவது நலம். கரிசல் சேறாக இருக்கும்போது கொத்தக் கூடாது என்பதையும் உழவர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை ஓய்ந்து மூன்று நான்கு நாள் கழித்துப் பதம் வரும்போது இறங்க வேண்டும். ஆனால் கையால் பிடுங்குவதற்கு ஈரநாளே ஏற்றது. அப்போதுதான் வேர் அறாமல் முழுதாக வரும்.

எல்லாப் புல்லும் ஒன்றுபோல் வழிக்கு வருவதில்லை. அருகம்புல்லை மண்வெட்டியால் துண்டு துண்டாக வெட்டி ஈரமண்ணில் போட்டுவிட்டால், ஒவ்வொரு கணுவும் வேர்விட்டு நாமே நாற்று நட்டது போலாகிவிடும். அதைக் கொடியோடு இழுத்து, மண்ணை உதறி, பாறையிலோ சிமெண்டுத் தரையிலோ காயப்போட வேண்டும்; அல்லது ஆட்டுக்கு எடுத்துச் செல்ல வேண்டும். கோரை இன்னும் பொல்லாதது. உலகின் களைகள் யாவற்றிலும் கொடியது கோரையே என்று ஹோம் என்ற அமெரிக்க அறிஞரும் அவர்தம் துணைவரும் 1977-இல் வெளியிட்ட நூலில் அதற்கு முதலிடம் தந்தனர். மேலே தெரியும் தாளைக் கிள்ளினால், அடியில் மணிமாலைபோல் கோத்துக் கிடக்கும் கிழங்குகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைக்கும். நடுமுன்பே குழிமண்ணைக் கிளறிக் கிழங்கைப் பொறுக்குவதும், பின்னர் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சலிக்காமல் எடுத்துக் கிழங்கின் சேமிப்பைத் தீர்ப்பதுமே வழி. நிழலைக் கோரை தாங்காது. மரம் குடைவிரித்த பிறகு அது தானே மெலிந்துவிடும்.

பார்த்தீனியம் என்னும் விஷப்பூண்டு வேறு வகை. இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி. 1950-களில் புனே நகரில் கண்டறியப்பட்டுப் பின்னர் நாடெங்கும் பரவியது. ஒரே செடி பல்லாயிரம் விதைகளைச் சிதறும். ஆகையால் வெள்ளைப் பூ விரியுமுன் பிடுங்கிவிட வேண்டும். இதன் தூள் பட்டுத் தோல் அரிப்பும் மூச்சிரைப்பும் வருவது மருத்துவர்கள் நன்கறிந்தது. ஆதலால் கையுறையோ, அது இல்லாவிடில் கையில் சுற்றிய பாலித்தீன் பையோ இன்றித் தொடலாகாது. மறைக்கல்விப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி இதைப் பிடுங்கச் செய்வது நல்ல எண்ணத்தில் செய்யப்படும் தீங்கு. ஆஸ்துமா உள்ளவர்களும் விலகியிருக்க வேண்டும்.

சீமைக் கருவேலை, அதாவது வேலிக்கருவையை, இங்கே குறிப்பிடாமல் இருக்க முடியாது. அதை வேரோடு அகற்றுமாறு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2017-இல் ஆணைகள் பிறப்பித்தது வாசகர்களுக்கு நினைவிருக்கும். ஆனால் நாமே அதைக் கன்றின் குழிக்குள் விதைப்பதைப் பலர் அறியார். ஆடு அதன் நெற்றை விரும்பித் தின்கிறது. விதை செரியாமல் புழுக்கையோடு வெளிவருகிறது. அந்தப் புழுக்கையை நாம் எருவென்று குழியில் இடுகிறோம். வேம்பு நட்ட குழியில் வேலிக்கருவை முளைப்பதன் இரகசியம் இதுதான். மட்காத ஆட்டெருவை இடாதிருப்பதும், ஆட்டுக்குத் தடையாகக் கன்றைச் சுற்றி நடும் கருவை முள்ளில் நெற்று இல்லாதபடி உதிர்த்துவிடுவதும் போதும். முளைத்ததை ஒரு சாண் உயரத்துக்குள் வேரோடு பிடுங்கிவிடலாம். அதற்குமேல் விட்டால் கடப்பாரை தேவைப்படும்.

களையெடுத்த வட்டத்தை வெறுமையாக விடாமல் மூடிவைத்தால் மறுபடியும் புல் முளைப்பது பெரிதும் குறையும். மூடாக்கு என்று வேளாண்மை அலுவலர்கள் இதனைக் கூறுவர். சோளத்தட்டை, பருத்திமார், கடலைத் தொலி, பனையோலை, ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் தென்னை நார்க்கழிவு என எது மலிவோ அது. நாலு விரல் கனத்துக்கு இட்டால் போதும். மண் ஈரமாக இருக்கும்போதே இட வேண்டும். காய்ந்த மண்ணை மூடினால் பிறகு பெய்யும் சிறுமழை மூடாக்கோடு நின்றுவிடும். நம் மண்ணில் கரையான் மிகுதி. தட்டையைத் தண்டோடு சேர்த்துக் குவித்தால் அதற்குள் மறைவாக ஏறிப் பட்டையைச் சுரண்டிவிடும். எனவே தண்டைச் சுற்றி ஒரு சாண் வெறுமையாக விட்டு, கொஞ்சம் வேப்பம்புண்ணாக்கையும் தூவிவைப்பது வழக்கம்.

சிவகாசியில் இதற்கென்றே அமைந்தது போன்ற ஒரு பொருள் உண்டு. அச்சகங்களிலும் கடைகளிலும் கழிக்கப்படும் பழுப்பு நிற அட்டைப் பெட்டிதான் அது. பெட்டியைப் பிரித்து இரண்டு அடுக்காக வட்டத்தில் விரித்து, நனைத்து, மேலே கல்லோ மண்ணோ இட்டால் அடியிலுள்ள புல் வெளிச்சமின்றி வெளுத்துச் செத்துப்போகும். அட்டையும் ஒரு மழைக்காலத்தில் மட்கி மண்ணோடு சேரும். ஒட்டுத்தாளையும் ஆணியையும் நீக்கிவிட வேண்டும். பளபளப்பாகப் பிளாஸ்டிக் பூச்சு ஏற்றிய அட்டை உதவாது. பட்டாசு ஆலையிலிருந்து வரும் பெட்டியையும் காகிதக் கழிவையும் இதற்கு எடுக்கவே கூடாது. அவற்றில் அலுமினியப் பொடியோ, கந்தகமோ, வெடியுப்போ ஒட்டியிருக்கக் கூடும்.

பட்டாசுப் பகுதி என்றதும் மூடாக்கைப் பற்றிய மேற்கூறிய அறிவுரையையே மாற்றிச் சொல்ல வேண்டியுள்ளது. நம் பங்குகள் பலவற்றில் ஊரையடுத்தே ஆலைகள் இருக்கின்றன. 2012 செப்டம்பர் 5-ஆம் நாள் முதலிப்பட்டியில் உயிர்கள் பல போனதையும், 2021 பிப்ரவரியில் அச்சங்குளத்தில் நடந்ததையும் மறந்தவர் இங்கு எவருமில்லை. அவ்விபத்துகளுக்குப் புல் காரணமன்று. ஆயினும் ஓரிடத்துப் பொறி மற்றோரிடத்துக்குச் செல்லாமல் இருக்க, மருந்தறைகளையும் கிடங்குகளையும் சுற்றி உலர்ந்த புல்லோ புதரோ இல்லாதபடி வைத்திருக்க வேண்டும் என்பது ஆலைகளுக்குரிய கட்டுப்பாடுகளுள் ஒன்று. எவ்வூரிலும் நல்லது என்று கூறப்படும் வைக்கோல் மூடாக்கு, ஆலை வளாகத்துக் கன்றுக்கு ஆகவே ஆகாது. அது சுள்ளி அடுக்கி வைப்பதற்குச் சமம்.

அங்கே கல்லே மூடாக்கு. முட்டியளவுள்ள உடைகல்லையோ சரளையையோ வட்டத்தில் நெருக்கமாகப் பரப்பலாம். கல்லுக்குக் கரையான் வராது, காற்று அள்ளாது, தீப்பற்றாது, அடியீரம் காக்கும். சீனத்தின் கான்சு மாநிலத்தில் மழை குறைந்த நிலங்களில் கூழாங்கல் பரப்பிப் பயிர்செய்யும் வழக்கம் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக உண்டு. வெயிலில் கல் சுடும் என்பதால் தண்டிலிருந்து நாலு விரல் தள்ளிவைக்க வேண்டும். கல் கிடைக்காத இடத்தில் முன்சொன்ன புழுதிப் போர்வையே போதுமானது. களையை ஆலைக்குள் தீயிட்டுக் கொளுத்துவது பற்றி எழுதவும் வேண்டுமோ? இயந்திரப் புல்வெட்டியையும் மருந்தறைகளின் பக்கம் கொண்டுபோகலாகாது. அதன் இரும்புத் தகடு கல்லில் பட்டாலே பொறி பறக்கும், புகைக்குழாயும் கொதிக்கும். மருந்தறைகளின் அருகே கையால் பிடுங்குவதே முறை; எங்கே நடலாம், எப்போது களையெடுக்கலாம் என்பதை ஆலைப் பொறுப்பாளரைக் கேட்டே செய்ய வேண்டும். மரம் வளர்ந்த பின் அதன் நிழல் இளைப்பாறவும் உணவருந்தவும் மட்டுமே. மரத்தடியில் அமர்ந்து பட்டாசு செய்வது விதிமீறல் என்பதும், அது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்டுபிடிக்கப்படுவதும் நாளிதழ் படிப்போர் அறிந்ததே.

கோயில் வளாகத்துக்கும் இது ஒரு வகையில் பொருந்தும். மாசி முதல் வைகாசி வரை வரும் பங்குத் திருவிழாக்களில் வாணவேடிக்கை உண்டு. அப்போது வளாகத்துப் புல் சருகாகக் கிடக்கும். ஒரு வாணத்தின் பொறி விழுந்து தரையோடு தரையாக ஊர்ந்து செல்லும் சிறுதீ, பெரிய மரத்தை ஒன்றும் செய்யாது. இரண்டு வயதுக் கன்றின் மெல்லிய பட்டையைச் சுற்றிலும் வேகவைத்துவிடும். சுற்றிலும் புல் நீக்கிய வட்டம் இருந்தால் தீ அதன் விளிம்பிலேயே நின்றுவிடுகிறது. திருவிழாவுக்கு முந்திய வாரம் மட்டுமாவது, வைக்கோல் மூடாக்கு இட்டவர்கள் அதை அள்ளி அப்புறப்படுத்துவது அறிவுடைமை.

இவ்வளவு பாடு எதற்கு, மருந்தடித்தால் தீர்ந்ததே என்பவர்கள் உண்டு. கிளைபோசேட் என்னும் களைக்கொல்லி பச்சையாக உள்ள எதன்வழியும் உட்புகும். இளங்கன்றின் தண்டு பச்சையாகவே இருக்கிறது. காற்றில் பறந்த சிறுதுளி அதன் மேல் படிந்தாலும் கன்று கருகும். உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2015-இல் இதனைப் புற்றுநோய் உண்டாக்கக் கூடியவற்றின் பட்டியலில் ஐயத்துக்குரியதாகச் சேர்த்தது. வேறு சில அமைப்புகள் அவ்வாறு கருதவில்லை. பயிற்சி பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுத் தொழிலாளர் வழியாக அன்றி இதைப் பயன்படுத்தலாகாது என்று நடுவண் அரசு 2022 அக்டோபரில் ஆணையிட்டது. பிள்ளைகள் விளையாடும் வளாகத்தில் அறுபது கன்றுக்காக இதைத் தெளிப்பது தேவையற்றது என்பது நம் கருத்து. உப்பைக் கரைத்து ஊற்றும் பழக்கமும் சில வீடுகளில் காணப்படுகிறது. புல் சாகும், மண்ணும் சேர்ந்து சாகும்.

இதோடு தொடர்புடைய பழைய செய்தி ஒன்று. மேல்நாடுகளில் ஒரு காலத்தில் குளோரேட்டு உப்பைக் களைக்கொல்லியாகத் தெளித்தனர். தெளித்த புல் உலர்ந்த பின் அதில் ஒரு பொறி பட்டால் சீறி எரியும் என்பதால் விபத்துகள் நேர்ந்தன. கந்தகத்தோடு குளோரேட்டைக் கலந்து பட்டாசு செய்வதை நம் நாட்டு அரசு 1992-இல் தடைசெய்ததை அறிந்த சிவகாசித் தொழிலாளர்க்கு, அது எத்தகைய உப்பு என்று விளக்க வேண்டுவதில்லை.

எப்போது களையெடுப்பது? நம் மக்களுக்கு நாட்காட்டி ஏற்கெனவே ஆயத்தமாக உள்ளது. நவம்பர் 2-ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்காக, குடும்பத்தார் யாவரும் கல்லறைத் தோட்டத்துக்குச் சென்று முன்னோர் கல்லறையைச் சுற்றி வளர்ந்த புல்லைச் செதுக்கிச் சுத்தம் செய்கின்றனர். கையில் அரிவாளும் மண்வெட்டியும் அப்போது இருக்கின்றன. கன்று நடுவதானால் அதையொட்டியே நட்டு, குழியை மட்டுமன்றி ஒரு மீட்டர் வட்டத்தையும் அன்றே செதுக்கிவிடலாம். திருவருகைக் காலம் தொடங்கும்போது, அதாவது மூன்று நான்கு வாரத்தில், முதல் களை. அப்போது புல் விரலளவுதான் இருக்கும். கால்மணி நேரத்தில் ஒரு கன்றின் வட்டத்தை முடித்துவிடலாம். கிறிஸ்து பிறப்புக்கும் பொங்கலுக்கும் இடையே இரண்டாம் களை. ஆண்டு முழுவதிலும் இன்றியமையாதது இதுவே. மழை ஓய்ந்துவிட்டது, மண்ணில் ஈரம் நிறைந்திருக்கிறது, புல் விதைகட்டப் போகிறது. இந்த நேரத்தில் நீக்கினால் ஈரம் கன்றுக்குச் சேமிப்பாகும். ஒரு மாதம் தாழ்த்திச் செய்தால் காய்ந்த புல்லைத்தான் பிடுங்குவோம். அதற்குள் அது தன் வேலையை முடித்திருக்கும். தவக்காலத் தொடக்கத்தில் புழுதிக் கொத்து அல்லது மூடாக்கு. பிறகு கோடை மழையோ ஆடி, ஆவணி மழையோ பெய்து புதிதாக முளைத்தால் ஒருமுறை.

தொழிலாளர் வீடுகளுக்கு நேரம் ஏது என்று கேட்கலாம். தீபாவளி நெருங்கும்வரை ஆலையில் ஓய்வில்லை என்பது உண்மை. ஆனால் தீபாவளி முடிந்ததும் ஆலைகள் சில வாரம் ஓய்ந்திருப்பது வழக்கம். மழை நாட்களிலும் காயவைக்க வழியின்றி வேலை குறைகிறது. புல் முளைக்கும் காலமும் அதுவே. அறுபது கன்றுக்குப் பதினைந்து மணி நேர வேலை. ஒருவருக்கு அது இரண்டு நாட்கூலி. முப்பது குடும்பம் பகிர்ந்தால் வீட்டுக்கு இரண்டு கன்று, அரைமணி நேரம், ஞாயிறு திருப்பலி முடிந்ததும் வெயில் ஏறுமுன் முடியக் கூடியது. ஐந்நூறு கன்று நட்டோம் என்று சொல்லிக்கொள்ள விரும்பும் பங்குகள் முதலில் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பது நல்லது. களையெடுக்க ஆளிருக்கும் எண்ணிக்கைக்கு மேல் நடுவது நாற்றங்காலுக்குத்தான் இலாபம்.

வட்டத்துக்கு வெளியே உள்ள புல்லின் மேல் நமக்கு வழக்கொன்றுமில்லை. வளாகம் முழுவதையும் பொக்லைன் கொண்டு வழித்துவிடும் உற்சாகமும் சில இடங்களில் உண்டு. அதனால் மேல்மண் மழையில் அரித்துப் போகிறது. கோடையில் புழுதி பறக்கிறது. கொழிஞ்சியும் ஆவாரையும் தும்பையும் வெளியே நிற்கட்டும். கொழிஞ்சியைப் பூக்குமுன் அறுத்துக் கன்றின் வட்டத்தில் தழையாக இட்டால் அதுவே எரு.

இரண்டு மழைக்காலம் இவ்வாறு காத்தால் புங்கையும் வாகையும் ஆள் உயரத்தைத் தாண்டிவிடும். வேர் புல்லுக்கு எட்டாத ஆழத்தை அடைந்துவிடும். மூன்றாம் ஆண்டு முதல் அவற்றின் நிழலே புல்லை அடக்கும். மெதுவாக வளரும் புளிக்கும் நாவலுக்கும் மட்டும் இன்னுமோர் ஆண்டு பார்த்துக்கொள்ள வேண்டும்.

பனைக்கு இந்த விதிகள் பொருந்தா. பனங்கொட்டை முளைவிட்டதும் நேரே கீழ்நோக்கி ஆழத்துக்குச் செல்கிறது. மேற்புல் அதனிடமிருந்து அதிகம் எடுத்துக்கொள்ள முடியாது. அதற்கு வரும் ஆபத்து வேறு. பனங்கன்றின் முதல் ஓலை விசிறிபோல் விரியாது. ஒற்றை இதழாக, அகலப் புல்லைப் போலவே தரையிலிருந்து எழும். களையெடுக்க வந்தவர்கள் அதையும் புல்லென்று கருதி வெட்டிவிடுவார்கள். பனங்கொட்டை ஊன்றிய இடத்தில் நாலு கல்லை வட்டமாக அடுக்கி, ஒரு குச்சியையும் நட்டு, களையெடுக்க வருவோரிடம் அதைக் காட்டிவைக்க வேண்டும்.